வதனியின் வருத்தம் பற்றி நீ கேட்டதற்கு

மகன்,

நாங்கள் இங்கே சுகம், நீங்கள் அங்கே சுகமோ என்று தொடங்க இந்த முறை மனம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ லண்டனில் இருந்து எடுத்துக் கேட்ட கேள்விக்கு என்னால் அந்த இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. "அப்பா, ஆதிராவை ஆஸ்பத்திரியில வச்சிருக்கினம். மலத்தோட இரத்தம் போகுது. இரத்தம் சோதிச்சுப் பாத்ததில அவளின்ர எதிர்ப்புச் சக்தியே அவளின்ர குடலைத் தாக்குற மாதிரி இருக்காம். குடும்பத்தில ஆருக்கும் முந்தி இப்பிடி இருந்ததோ எண்டு டொக்டர் கேக்கிறார்" என்றாய். உன் அம்மா எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். உன் குரல் அவளுக்கும் கேட்டது. அவள் எழும்பிக் குசினிக்குள் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாத நேரத்தில், அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஓம், இருந்தது. எழுதி அனுப்புறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் போனை வைத்தேன். நீ கோபித்திருப்பாய். என்னால் அதற்கு மேல் ஏலாமல் இருந்தது.

உனக்கு வதனி என்று ஒரு அக்கா இருந்தாள் என்பதும், நீ தவழுகிற வயதில் அவள் செத்துப் போனாள் என்பதும் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகத் தொடங்கின காலத்தில் நீ வந்து கேட்டாய், அக்காவுக்கு என்ன வருத்தம் என்று. காய்ச்சல் என்றோம். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை, நாங்களும் கதைக்கவில்லை. இப்போது ஒரு டொக்டர் கேட்கிறார், என் பேத்திக்காகக் கேட்கிறார். ஆகவே தெரிந்ததெல்லாவற்றையும் எழுதுகிறேன். இதில் உன்னைப் பற்றியும் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசி வரைக்கும் வாசி, நடுவில் நிறுத்திவிடாதே.

அந்த நாட்களில் நான் திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் ஆள் ஏற்றி ஓடிய லோஞ்ச் படகில் வேலை செய்தேன் என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் வதனி என்னோடு வந்துவிடுவாள். இயந்திரத்தை மூடியிருக்கும் பலகைப் பெட்டியின் மேல் ஏறியிருந்து, ஏறுகிற இறங்குகிற ஒவ்வொருவரோடும் வாய் கொடுப்பாள். மூதூர்ச் சனத்துக்கு என் பெயர் தெரியாது, அவள் பெயர் தெரியும். "வாயாடி வரல்லியா இண்டைக்கு?" என்று கேட்பார்கள். அவள் வராத நாள் கொட்டியாறுக் குடா எனக்கு நீளமாகத் தெரியும்.

பத்து வயதில் அது தொடங்கியது. எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவள் மறைத்தாள். முந்தின வருசம் தைத்த பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை கட்டையாகாமல் அப்படியே இருந்தது, அதோடு தோளில் தொளதொளத்தது. அவளை விட இளைய சொந்தக்காரப் பிள்ளைகள் அவளை எட்டிப் பிடித்து மேலே வளர்ந்தார்கள். வாய்க்குள் புண். முழங்கால் நோகுது என்பாள். காலையில் சாப்பிட மாட்டாள். பள்ளிக்கூடத்தில் அடிக்கடி எழும்பிக் கக்கூசுக்குப் போவதாக வாத்தியார் ஏசியிருக்கிறார், அதற்காகச் சாப்பிடாமல் போகப் பழகியிருக்கிறாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் உடுப்புத் தோய்க்கும்போது உன் அம்மா அவளுடைய உள்ளுடுப்பில் இரத்தத்தைக் கண்டாள். கண்டவள் என்ன செய்தாள் தெரியுமா? சந்தோசப்பட்டாள். பிள்ளை வேளைக்கே பெரியவளாகிவிட்டாள் என்று நினைத்து, என்னிடம் சொல்லச் சிரித்துக்கொண்டே வந்தாள். பின்னால் வந்து நின்ற வதனி தலையைக் குனிந்துகொண்டு, "அது இல்லையம்மா. இது வயித்தால போற இரத்தம்" என்றாள். "எவ்வளவு நாளாப் பிள்ளை?" என்று கேட்டேன். "தெரியாதப்பா. கனநாள்."

பூச்சிக் குளிசை கொடுத்தார்கள். பிறகு வயிற்றுளைவு என்று மருந்து கொடுத்தார்கள். நாட்டு மருந்தும் பார்த்தோம், நேர்த்தியும் வைத்தோம். ஒன்றுக்கும் நிற்கவில்லை. கடைசியில் நகர ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு பெண் டொக்டர் அவளைக் கட்டிலில் படுக்க வைத்து வயிற்றை மெல்ல அமர்த்திப் பார்த்துவிட்டு, இது சாதாரண வயிற்றோட்டம் இல்லை, இரத்தம் படியிற வேகத்தைப் பார்க்க வேணும் என்று எழுதித் தந்தார். இரத்தம் சோதிக்கிற அறையில் வேலை செய்தவன் ஹனீபா. மூதூரில் இருந்து என் லோஞ்சில்தான் நாளும் வேலைக்கு வருவான், வதனியோடு வாய் கொடுத்துத் தோற்றுப்போகிறவன். அவன் என்னை உள்ளே கூப்பிட்டு நிறுத்தினான். மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் அவளுடைய இரத்தத்தை ஏற்றிச் செங்குத்தாக வைத்திருந்தான். "இதை அசைக்காம ஒரு மணித்தியாலம் வெக்கிறது அண்ணன். சிவப்பு கீழ படியும், மேல தெளிஞ்ச தண்ணி வரும். சுகமான பிள்ளைக்கு மெள்ள மெள்ளத்தான் இறங்கும். உள்ள எங்கயும் புண்பட்டு உடம்பு சண்டை பிடிச்சிட்டிருந்தா இரத்தத்தில ஒரு பசைத்தன்மை கூடிரும், சிவப்பு ஒண்டோடொண்டு ஒட்டிக் கெதியா விழும்" என்றான்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கதைத்துக்கொண்டே நின்ற ஹனீபா கொஞ்ச நேரத்தில் கதையை நிறுத்திவிட்டான். சிவப்பு இறங்கிக்கொண்டே போனது. மேலே மஞ்சள் தண்ணீர் நீண்டுகொண்டே வந்தது. நேரம் முடிவதற்கு முன்பே பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. அவன் என் தோளில் கை வைத்தான். உனக்கு இப்போது ஆதிராவின் சோதனை முடிவுகளை ஆஸ்பத்திரியில் தந்திருக்கிறார்கள். வெள்ளை அணு எவ்வளவு, அழற்சியைக் காட்டும் புரதம் எவ்வளவு, மலத்தில் தேடுகிற இன்னொரு புரதம் எவ்வளவு, உடம்பு தனக்கே எதிராகச் செய்துகொள்ளும் பொருள் இருக்கிறதா இல்லையா என்று ஒரு பக்கம் நிறைய இருக்கிறது. நீ படம் பிடித்து அனுப்பினதை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்களுக்கு இருந்தது அந்தக் கண்ணாடிக் குழாய் ஒன்றுதான். ஆனால் இரண்டும் சொல்வது ஒன்றைத்தான் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எனக்கு நித்திரை இல்லை.

முதலில் குடலில் காசநோய் என்று நினைத்து அதற்குரிய குளிசைகளை மாதக்கணக்கில் கொடுத்தார்கள். அந்த டொக்டரைக் குறை சொல்ல மாட்டேன். காசநோயும் இந்த வருத்தமும் வெளியில் ஒரே மாதிரித்தான் தெரியும் என்று பிறகு விளங்கியது. அவள் இன்னும் மெலிந்தாள். கடைசியில் கொழும்புக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். ரயிலில் அவளை ஜன்னல் பக்கம் இருத்தி, உன் அம்மா உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு பக்கத்தில் இருந்தாள். கொழும்பில் பிள்ளைகளுக்கான பெரிய டொக்டர் வயதான சிங்களவர். தமிழைத் தட்டுத்தடுமாறித்தான் கதைப்பார், ஆனால் மொழிபெயர்க்க ஆள் வைக்காமல் எங்களோடு தானே கதைத்தார். குழாய் விட்டுக் குடலைப் பார்த்து, சிறு துண்டு எடுத்துச் சோதித்துவிட்டு எங்களை இருத்திச் சொன்னார்: "கிருமி வந்தா அடிக்கிற ஆட்கள் எல்லாருக்கும் இரத்தத்தில் இருக்கு. உங்கட மகளுக்கு அந்த ஆட்கள் தன்ர குடலையே கிருமி எண்டு நினைக்குது. அடிக்குது. அதுதான் புண்."

வதனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நானே என்னைக் கடிக்கிறனோ டொக்டர்?" என்று கேட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீ இல்லை மகள். உனக்குத் தெரியாம நடக்குது. உன்னில பிழை இல்லை" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் குளிசை தாறன். அது அந்த ஆட்களை நித்திரை கொள்ள வைக்கும். குடல் ஆறும். ஆனா உண்மையான கிருமி வந்தாலும் அவங்க நித்திரைதான். விளங்குதா? கொப்பளிப்பான், சின்னமுத்து வந்த வீட்டுப் பக்கம் பிள்ளையைக் கொண்டு போக வேண்டாம். நீங்களா குளிசையைத் திடீரெண்டு நிப்பாட்டவும் வேண்டாம். ரெண்டும் ஆபத்து." கொப்பளிப்பான் என்றால் என்ன என்று நீ யோசிப்பாய். அம்மாள் வருத்தம் என்று இங்கே சனம் சொல்லும், உடம்பெல்லாம் நீர்க் கொப்புளம் போடுமே, அதுதான். எந்தப் பிள்ளைக்கும் வந்து போகிற ஒன்று. வேப்பிலை வைத்து, தண்ணீர் வார்த்து முடிக்கிற ஒன்று. அதற்கு ஏன் இந்த மனிதர் இவ்வளவு பயப்படுகிறார் என்று நான் அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு வந்த மாதங்கள்தான் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த நல்ல காலம். இந்திய ஆமி திரும்பிப் போய், இனிச் சண்டை இல்லையாம் என்று சனம் கதைத்துக்கொண்ட காலம். குளிசையால் வதனிக்குப் பசி வந்தது. பாணும் பருப்பும் தின்று முடித்துவிட்டு என் கோப்பையைப் பார்ப்பாள். முகம் உருண்டு வீங்கி, நாங்கள் இருந்த லிங்கநகர்ப் பிள்ளைகள் பூசணி என்று கூப்பிட்டார்கள். அழுவாள் என்று நினைத்தேன். "ஓமடா, பூசணிதான். போன வருசம் முருங்கைக்காய் எண்டனீங்கள்" என்று திருப்பிக் கொடுத்தாள். நீ பிறந்தாய். நீ தாயிடம் பால் குடிப்பாய், ஆனால் நித்திரை கொள்வது அவளுடைய நெஞ்சில்தான். வேறு யார் போட்டாலும் கத்துவாய். அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு லோஞ்ச் கட்டுகிற ஜெட்டிக்கு வருவாள், மெலிந்திருந்த அந்தக் கைகளுக்கு உன்னைத் தூக்கும் பலம் வந்திருந்தது. மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குழாய்ச் சோதனை. ஒருநாள் பின்னேரம் லோஞ்ச் புறப்படுகிற நேரம் ஹனீபா சனத்தை இடித்துக்கொண்டு ஜெட்டியில் ஓடி வந்தான். "அண்ணன்! கொறஞ்சிட்டு! சுகமான பிள்ளைக்கு இரிக்கிற மாதிரி வந்திட்டு!" என்று கத்தினான். எது குறைந்தது என்று தெரியாமலே லோஞ்சில் இருந்த சனம் சிரித்தது. வதனி உன்னைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள், என்னவோ நீதான் சுகப்படுத்தின மாதிரி.

அந்த வருசமே சண்டை மறுபடி தொடங்கியது. லோஞ்ச் நின்றது. லிங்கநகர் ஒரு பகலுக்குள் வெறுமையானது. ஆம்பிளைகளை இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போகிறது என்று கதை வந்ததும் நாங்களும் சனத்தோடு சனமாக நிலாவெளிப் பக்கம் நடந்தோம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அகதி முகாம் போட்டிருந்தார்கள். ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பம், பாய்க்குப் பாய் இடைவெளி இல்லை. உன் அம்மா குளிசைப் போத்தலைத் தன் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். குளிசை முடிந்தால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் பயமாக இருந்தது. ஆமி வழிமறித்துச் சோதிக்கிற சென்றியில் மருந்து கொண்டு போக விடுகிறார்கள் இல்லை என்று கேள்விப்பட்டோம். இருந்த குளிசையை எப்படி நீட்டலாம் என்றுதான் நானும் அவளும் ஒவ்வொரு நாளும் கதைத்தோம். வதனி மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு முகாம் முழுக்கத் திரிந்தாள். லோஞ்சில் செய்த மாதிரி அங்கேயும் எல்லாரோடும் வாய் கொடுத்தாள்.

அடுத்த வகுப்பறையில் ஒரு பிள்ளைக்குக் கொப்பளிப்பான் என்று கேள்விப்பட்ட உடனேயே உன் அம்மா எங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு வெளி விறாந்தையின் கடைசி மூலைக்குப் போனாள். யாரையும் கிட்ட வர விடவில்லை. சனம் முறைத்தது. "அம்மாள் வந்த பிள்ளையை ஒதுக்கிறாளாம்" என்று பேசினார்கள். அவள் கேட்கவில்லை. அந்த மூலையில் கிடந்த ஒரு காலை, வெயில் ஏறத் தொடங்கிய நேரம், நீ வழக்கம்போல வதனியின் நெஞ்சில் குப்புறப் படுத்து நித்திரை. அவள் உன் முதுகைத் தடவிக்கொண்டு கிடந்தவள் தடவுவதை நிறுத்தினாள். உன் சட்டையை மெல்ல உயர்த்திப் பார்த்தாள். "அம்மா, தம்பிக்குக் கொப்புளம்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. உன்னை எழுப்பாமல் பாயில் கிடத்தினாள். எழும்பி, எங்கள் இருவரையும் பார்க்காமல், நேரே கிணற்றடிக்குப் போய் நின்றாள். கொழும்பில் அந்த டொக்டர் சொன்னபோது அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றைக்கே அவளைப் பள்ளிக்கூடத்தின் மறு பக்கத்தில் வேறொரு குடும்பத்தோடு விட்டோம். நீ அவளைத் தேடிக் கத்தினாய். அவள் மைதானத்துக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டுக் கதைப்பாள், கிட்ட வர மாட்டாள். உனக்கு வந்த வருத்தம் வந்த மாதிரியே போனது. கொப்புளம் காய்ந்தது, ஆனால் நீ இளைத்துப் போனாய், பால் தவிர வேறொன்றும் வயிற்றில் நிற்கவில்லை. அவளுக்கு ஒன்றும் இல்லை. நாள் போகப் போக நாங்கள் மூச்சு விட்டோம். தப்பிவிட்டாள் என்று உன் அம்மா பக்கத்துக் குடும்பத்திடம் சொல்லக்கூடச் செய்தாள்.

பிறகு வதனிக்கு வயிற்றுக்குத்து வந்தது. சுருண்டு கிடந்து அழுதாள். பழைய வருத்தம் திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தோம். அவள் தோலில் ஒன்றும் இல்லை. மறுநாள்தான் கழுத்தில் தெரிந்தது, பிறகு முகத்தில், பிறகு எங்கு பார்த்தாலும். உனக்கு வந்த மாதிரி இல்லை மகன். உள்ளே இரத்தம் கட்டிய கொப்புளங்கள். மூச்சு இழுத்தது. முகாமுக்கு ஒரு பாதிரியார் வான் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து, அனுமதி எடுத்து, கடும் வருத்தக்காரரை நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார். "ஒரு நோயாளியோட ஒரு ஆள். அவ்வளவுக்குத்தான் விடுவினம்" என்றார் அவர். உன் அம்மா ஏற்கனவே வானில் ஒரு காலை வைத்துவிட்டாள். "நான் போறன். ஆம்பிளையள் சென்றியில போனா இறக்கிப் போடுவாங்கள். நீங்கள் போகாதேங்கோ" என்றாள். அந்த நேரம் நீ என் கையில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடினாய், கத்தச் சத்தம் இல்லை. அவள் உன்னைப் பார்த்தாள். வானுக்குள் கிடந்தவளைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளே காலை எடுத்தாள். என் கையில் இருந்து உன்னை வாங்கிக்கொண்டு, "நீங்கள் போங்கோ" என்றாள். வதனியின் முகத்தைத் தொடக் கையை நீட்டினாள், பிறகு தொடவில்லை. தொட்டால் உனக்கு மறுபடி வந்துவிடுமோ, அவளுக்கு நோகுமோ என்று எதை நினைத்தாளோ, நான் இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

சென்றியில் என்னை இறக்கினார்கள். ஒரு பொடியன் ஆமிக்காரன் வானுக்குள் எட்டிப் பார்த்தான், வதனியின் முகத்தைக் கண்டதும் பின்னால் நகர்ந்து, கையை ஆட்டி, ஏறு ஏறு என்றான். அவளுடைய முகம் என்னைக் காப்பாற்றியது. ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் குறைவு, தாதி மிஸ்ஸிமாரும் குறைவு. ஹனீபா மட்டும் அங்கேயே இருந்தான். லோஞ்ச் இல்லாததால் அவனுக்கு வீட்டுக்குப் போக வழியில்லை, மூதூரில் பெண்சாதி பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்றும் தெரியாது. இரத்தம் சோதிக்கிற அறையிலேயே பாய் போட்டுப் படுத்தான். வதனியின் இரத்தத்தை அவன்தான் எடுத்தான். நான் பின்னால் போனேன். "இந்த முறை பாக்க வேணாம் அண்ணன். பிள்ளைக்கிட்டப் போங்க" என்று கதவைச் சாத்தினான்.

இருந்த டொக்டர் என்னிடம் நேராகவே சொன்னார். கிருமி நுரையீரலுக்கு இறங்கிவிட்டது, அதை எதிர்க்க வேண்டியவை குளிசையால் அடங்கிக் கிடக்கின்றன, இதற்கென்று ஒரு மருந்து உண்டு, அது கொழும்பில் இருக்கலாம், இங்கே இல்லை. "கொழும்புப் பாதை?" என்று கேட்டேன். இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். இரண்டு பிள்ளைகளையும் பிரித்துத்தானே வைத்தோம் என்றேன். "கொப்புளம் வெளியில தெரியிறதுக்கு முன்னமே தொத்திப்போடும்" என்றார். அது வதனியின் காதில் விழுந்தது. மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு முழுதும் விளங்கியது. என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, தம்பிக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். "என்னத்தைப் பிள்ளை?" என்றேன், தெரிந்துகொண்டே. "அவனிட்ட இருந்து வந்தது எண்டு. அவன் வளந்தாப்பிறகும் சொல்லாதேங்கோ." சொல்ல மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் தண்ணீர் கேட்டாள், அம்மாவைக் கேட்டாள். விடிந்து வெயில் கட்டிலில் விழுந்த நேரம் போய்விட்டாள். பன்னிரண்டு வயது. ஹனீபாவும் நானும் ஆஸ்பத்திரித் தொழிலாளர் இரண்டு பேரும்தான் அடக்கம் செய்தோம். ஊரடங்கு போடுகிற நேரம் கிட்டியதால் பறை மேளம் ஒன்றும் இல்லை. ஹனீபா மண் போட்டுவிட்டுத் தள்ளி நின்று தன் முறைப்படி கையேந்தினான்.

நிலாவெளிக்குத் திரும்பிப் போக எனக்கு இடம் கிடைக்கக் கனநாள் எடுத்தது. நான் முகாம் வாசலால் தனியாக நுழைந்தபோது உன் அம்மா விறாந்தையில் இருந்து உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். உன்னை நெஞ்சில் இருந்து எடுக்கவில்லை. நீ குடித்து முடிக்கும் வரைக்கும் அப்படியே இருந்தாள், முடித்த பிறகு உன்னை என்னிடம் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். அவள் அங்கே அழுத அழுகையை முகாமே கேட்டது.

மகன், அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் இப்போது உடைத்துவிட்டேன். உன்னை நோகச் செய்ய அல்ல. நீ பால்குடி. உனக்கு ஒரு காய்ச்சல் வந்தது, போனது, அவ்வளவுதான் உன் பங்கு. ஒரு நாளாவது, ஒரு நிமிசமாவது நாங்கள் உன்னை அப்படிப் பார்த்ததில்லை. ஆனால் நீ அனுப்பின படத்தைக் கொண்டு போய் இங்கே பிள்ளைகள் டொக்டரிடம் நேற்றுக் காட்டினேன். ஆதிராவுக்கும் அதே மாதிரிக் குளிசை, இன்னும் பலமானதும் தொடங்குவார்கள் என்றார். இப்போது கொப்பளிப்பானுக்குத் தடுப்பூசி இருக்கிறதாம், ஆனால் குளிசை தொடங்கின பிறகு அவளுக்கு அதைப் போட ஏலாதாம், முன்னமே யோசிக்க வேண்டுமாம். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார். ஓம் என்றேன். உன் சின்னவனுக்கு இரண்டு வயதுதானே, அவன் அக்காவின் மடியை விட்டு இறங்குகிறான் இல்லை என்று நீ அடிக்கடி சொல்கிறாய். நீ அதைச் சொல்லும்போதெல்லாம் இங்கே நாங்கள் இருவரும் சிரிப்பதில்லை என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய்.

எல்லாம் சரிவரும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த நாட்டில் மருந்து இருக்கிறது, பாதை திறந்திருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனாலும் என் இரத்தத்தாலோ உன் அம்மாவின் இரத்தத்தாலோ இது உன்னைத் தாண்டிப் போய் அந்தப் பிள்ளையைப் பிடித்திருக்கிறது. எந்தப் பக்கத்தால் வந்தது என்று நாங்கள் இருவரும் கதைப்பதில்லை. இரவில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கிடக்கிறோம். நீ உன் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லு. அத்தைக்கு இருந்தது, இந்த வயதில்தான் தொடங்கியது, வளர்ச்சி நின்றது, குளிசைக்கு நன்றாகக் கேட்டது, கொப்பளிப்பானால் போனாள். குளிசைக்குக் குணம் கண்டது என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லு, அது நல்ல செய்தி. ஆதிரா என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லு. பிள்ளைகள் நாங்கள் நினைப்பதற்கு முன்னமே விளங்கிக்கொள்கிறார்கள். அவளுக்கு வயிற்றுக்குத்து வந்தால், பழையதுதான் என்று நீயாக முடிவு கட்டிவிட்டு வீட்டில் வைத்திராதே.

இதை எழுதி முடித்து உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன், முழுதும் கேட்டாள். குளிசை தொடங்கினால் கொஞ்ச நாளைக்குச் சின்னவனை ஆதிராவிடம் இருந்து தள்ளி வைக்கச் சொல்லி எழுதட்டோ என்று கேட்டேன். இத்தனை வருசத்தில் முதல் தடவையாக அவள் அந்தக் கதையைப் பற்றி வாய் திறந்தாள்.

"பிரிக்கச் சொல்லி எழுதாதேங்கோ," என்றாள். "நாங்கள் பிரிச்சனாங்கள்தானே. பிரிச்சு என்ன கண்டனாங்கள்? கடைசிக் கிழமையள் அவள் அவனை ஒருக்காக்கூடத் தூக்காமலே போனவள். டொக்டரிட்ட இண்டைக்கே கேட்டு, குளிசைக்கு முன்னமே பிள்ளையளுக்கு ஊசியைப் போடச் சொல்லுங்கோ. போட்டிட்டு, அந்தப் பிள்ளை தன்ர தம்பியைத் தூக்கி வச்சிருக்கட்டும்."

அப்பா